கடத்தல்

‘கட’ என்னும் வினையின் பிறவினை ‘கடத்து’. தானே ஆற்றைத் தாண்டுவது கடத்தல். இன்னொன்றைத் தாண்டச் செய்வதும் கடத்தல். மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பி மின்கடத்தி. வேலை செய்யாதவர் காலம் கடத்துகிறார்.

நாளிதழ்த் தமிழில் இந்த ஒரே சொல் மூன்று குற்றங்களைச் சுமக்கிறது. பணம் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிச் செல்வது, கள்ளத்தோணியில் எல்லை தாண்டவைப்பது, மனிதரைச் சுரண்டலுக்காக வசப்படுத்துவது. மூன்றாவதற்குத்தான் இந்தச் சொல் பொருந்தாமல் தவிக்கிறது.

ஐ.நா. 2000-இல் ஏற்ற பலெர்மோ நெறிமுறை, ஆள்சேர்ப்பதையும் கொண்டுசெல்வதையும் மட்டுமன்றி, சுரண்டும் நோக்கத்தோடு அடைக்கலம் தருவதையும் பெற்றுக்கொள்வதையும் ஆள்கடத்தல் என்கிறது. எல்லை தாண்ட வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. பெரியவர் விஷயத்தில் மிரட்டலோ ஏமாற்றோ அதுபோன்ற வேறு வழியோ இருந்ததா என்று பார்க்கவேண்டும். 18 வயதுக்குட்பட்டவருக்கு அதுகூடத் தேவையில்லை. “பிள்ளை விரும்பித்தானே வந்தது” என்ற வாதம் அங்கே எடுபடாது.

இந்த வரையறையை மனதில் வைத்து, முன்பணம் வாங்கிய பெற்றோரோடு செங்கல் சூளையில் மண் பிசையும் சிறுமியை நினைத்துப் பாருங்கள். இத்தகைய கொத்தடிமை முறையை இந்தியா 1976-இலேயே சட்டத்தால் ஒழித்தது. ஆனாலும் தமிழகச் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருந்து இருளர் பழங்குடிக் குடும்பங்கள் பிற்பாடும் மீட்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சிறுமியை யாரும் தூக்கிச் செல்லவில்லை என்பதால், ‘கடத்தல்’ என்ற சொல் நம் மனதில் எழுவதே இல்லை. ‘மனித வணிகம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். விற்பவனும் வாங்குபவனும் அந்தச் சொல்லில் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.