இரு வீச்சு எந்திரமும் ஓசூர் கற்ற பாடமும்



என் மேசைமீது ஒரு பழைய பிஸ்டன் இருக்கிறது. அதன் பக்கங்களில் ஆழமான கீறல்கள் உண்டு. அவை என் கவனக் குறைவால் விளைந்தவை.

1980களில் நான் இளம் ஆசிரியன். மணமேல்குடியிலிருந்து மொபெட்டில் பள்ளிக்குச் சென்று வந்தேன். விடியற்காலையில் மீன் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வியாபாரிகள் அறந்தாங்கிப் பக்கம் விரைவதும் அத்தகைய வண்டிகளிலேதான். ஒரு நாள் அவசரத்தில் எண்ணெய் கலவாத பெட்ரோலை ஊற்றிவிட்டேன். சில கல் தொலைவு சென்றதும் எந்திரம் இறுகி நின்றது. பழுது பார்த்தவர் கழற்றித் தந்த பிஸ்டனை வகுப்பிற்குக் கொண்டு சென்றேன். மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, எண்ணெய் இல்லாவிட்டால் எந்திரம் அழிகிறது, எண்ணெய் இருந்தால் புகை நம்மை அழிக்கிறது. இதற்கு வேறு வழியே இல்லையா?"

அக்கேள்விக்கு விடை வரலாற்றில் இருக்கிறது.

நால் வீச்சு எந்திரத்தில் எரிகலவையை உள்ளிழுத்தல், அழுத்துதல், எரிதல், புகையை வெளியேற்றல் என நான்கு வீச்சுகள் உண்டு. எந்திரத் தண்டு இருமுறை சுழன்றால் ஒருமுறை ஆற்றல் பிறக்கும். இரு வீச்சு எந்திரத்திலோ ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் பிறக்கும். 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் டே என்பவர் அதனை மிக எளிமையாக்கினார். பிஸ்டனுக்குக் கீழுள்ள அறையையே கலவையை ஏற்றும் பம்பாக அமைத்தார். பின்னர் உருளைச் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடியதால் தனி வால்வுகள் தேவைப்படவில்லை. எடை குறைந்தது; விலையும் குறைந்தது.

ஆனால், அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. கீழறை வழியே கலவை செல்வதால், அங்கே மசகெண்ணெயைத் தேக்கிவைக்க இயலாது. எனவே எண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே செல்ல வேண்டும். எரிந்து புகையாக வேண்டும். மேலும், புதிய கலவை உள்ளே புகும்போதே பழைய புகை வெளியேறுகிறது. புதியதிலும் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடுகிறது. நற்குணமும் குறையும் ஒரே வேரில் முளைத்தவை.

ஜப்பானியர் இந்த எந்திரத்தைச் செம்மைப்படுத்தினர். ஹமாமட்சு நகரில் மிச்சியோ சுசுகி 1909ஆம் ஆண்டில் தறிகள் செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1952இல் மிதிவண்டியில் பொருத்தும் 36 சி.சி. இரு வீச்சு எந்திரத்தை வெளியிட்டது. யமஹா 1955இல் செய்த முதல் வண்டி, ஜெர்மானிய டி.கே.டபிள்யூ. வண்டியைப் பின்பற்றியது. கிழக்கு ஜெர்மனியின் பொறியாளர் வால்ட்டர் காடன், புகைக் குழாயின் வடிவத்தால் எழும் அழுத்த அலையே வெளியேறும் கலவையை உருளைக்குள் திருப்பித் தள்ளுமாறு செய்தார். அவருடைய குழுவின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் தம் நாட்டை விட்டுத் தப்பிச் சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சி.சி. பிரிவில் சுசுகி வண்டியில் உலக வெற்றி பெற்றார். அறிவு இவ்வாறு எல்லைகளைக் கடந்தது. நேர்வழியில்தான் கடந்தது என்று சொல்வதற்கில்லை.

நம் நாட்டிற்கு அது ஒப்பந்தத்தின் வழியே வந்தது. ஓசூரில் 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட்டை உருவாக்கியவர்கள், சுசுகியுடன் கைகோத்து, 1984இல் இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100 என்னும் மோட்டார் சைக்கிளை வெளியிட்டனர். மறு ஆண்டில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் 98 சி.சி. ஆர்.எக்ஸ். 100 வண்டியைத் தந்தது. கலவை பின்னோக்கித் திரும்பாதபடி தடுக்கும் மெல்லிய தகடு வால்வு அதில் இருந்தது. அதன் துள்ளலை நம் இளைஞர் இன்றும் கொண்டாடுகின்றனர்.

அதே 1985இல் ஹீரோ ஹோண்டாவின் நால் வீச்சு வண்டியும் வந்தது. அது வேகத்தை முதன்மையாகப் பேசவில்லை. எரிபொருள் சிக்கனத்தைப் பேசியது. பின்னர் 1996, 2000 ஆண்டுகளில் புகை வரம்புகள் இறுகின. ஆர்.எக்ஸ். 100இன் உற்பத்தி 1996இல் நின்றது. 2001இல் சுசுகியும் டி.வி.எஸ்.ஸும் பிரிந்தன. துணை போயிற்றே என்று ஓசூர் சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் தன் பொறியாளர்கள் வடிவமைத்த விக்டர் என்னும் நால் வீச்சு வண்டியை வெளியிட்டது. 2015இல் சுமை ஏற்றும் மொபெட்டும் நால் வீச்சாயிற்று.

மாணவர்களே, அன்று அச்சிறுவனுக்கு என்னால் முழு விடை கூற இயலவில்லை. இன்று கூறுகிறேன்: வழி இருந்தது. ஆனால் அதைக் காண, நாம் விரும்பிய ஒன்றை விட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. பிறரிடம் கற்பதில் இழிவு இல்லை. கற்றதோடு நின்றுவிடுவதே இழிவு. இன்றைய எந்திரங்களிடமும் அச்சிறுவனின் கேள்வியைக் கேளுங்கள். இதனால் பெறுவது என்ன? அதன் விலையைக் கொடுப்பவர் யார்? அவ்வாறு கேட்பவரே நாளைய எந்திரத்தைப் படைப்பார்.