டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு



1984. அம்மாவுக்கு நெஞ்சுவலி. இரவோடு இரவாகக் கோவில்பட்டியிலிருந்து வாடகை அம்பாசடரில் திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். கயத்தாறு தாண்டியதும் முன்விளக்கு மங்கியது. சற்று நேரத்தில் இன்ஜினும் நின்றது. இருபுறமும் கரிசல் காடு, கும்மிருட்டு. "சிவப்பு லைட் எரியலையே சார், எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சேன்" என்றார் டிரைவர். தீப்பெட்டி பண்டல் ஏற்றி வந்த லாரிக்காரர்தான் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அம்மா பிழைத்துக்கொண்டார்.

மறுவாரம் மெக்கானிக் காட்டினார்: டைனமோவில் பிரஷ் தேய்ந்திருந்தது, எச்சரிக்க வேண்டிய பல்போ முன்பே பியூஸ் போயிருந்தது!

அந்தப் பல்பின் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரியோடும், மறுமுனை டைனமோவோடும் சேர்ந்திருக்கும். சாவியைத் திருப்பியதும் பேட்டரி மின்சாரம் பல்பு வழியே டைனமோவுக்குப் பாயும், பல்பு எரியும். இன்ஜின் ஓடி டைனமோ மின்சாரம் தந்ததும் இருபுறமும் ஏறக்குறைய ஒரே வோல்ட். இரண்டு கண்மாயிலும் நீர்மட்டம் சமமானால் இடைவாய்க்காலில் தண்ணீர் ஓடுமா? அதுபோல்தான் பல்பு அணைகிறது. ஓட்டத்தில் மறுபடி எரிந்தால் மின்சாரம் வரவில்லை என்று பொருள்.

இதன் சரித்திரமும் சுவையானது. இரும்பில் தங்கும் மிச்சக் காந்தமே டைனமோவைத் தொடங்கப் போதும் என்று 1866-இல் ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் செய்து காட்டினார். ஆனால் டைனமோ கார் மெதுவாக ஓடும்போது சரியாகச் சார்ஜ் செய்யாது. சிலிக்கான் டயோடு வந்தபின் ஆல்டர்னேட்டர் அந்தக் குறையைத் தீர்த்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960 வேலியன்ட் காரில் அதைப் பொருத்தியது. மறு ஆண்டே, 1961-இல், வாகன மின்கருவிகள் செய்ய நம் சென்னையில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியது.

ஆல்டர்னேட்டரில் மிச்சக் காந்தம் குறைவு. அதனால் பழைய பாணி வண்டிகளில் பல்பு வழியே போகும் சிறு மின்சாரம்தான் சுழலும் சுருளுக்கு முதல் காந்தத்தைத் தரும். அங்கே பல்பு காவல்காரன் மட்டுமல்ல, வேலையைத் தொடங்கிவைப்பவனும்கூட. அது பியூஸானால் சார்ஜே ஏறாமல் போகலாம்.

அன்று டிரைவர்மேல் கோபப்பட்டேன். ஆனால் இயற்பியல் வாத்தியாரான நானும் முன்சீட்டில்தானே இருந்தேன்? சாவியைத் திருப்பியபோது விளக்கு எரிந்ததா என்று நானும் பார்க்கவில்லை.

நாளைக் காலை வண்டி எடுக்கும்போது பாருங்கள், பிள்ளைகளே. சாவி போட்டதும் சிவப்பு எரிய வேண்டும். இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியாத விளக்கை நம்பாதீர்கள்.