அன்பின் விருந்தில் கடைசிப் பந்தி

கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் இல்லாமல் நடக்காது. அன்பின் குணங்களை வரிசையாகச் சொல்கிற அதிகாரம். பத்திரிகையில் அச்சடிக்கிறார்கள், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். அதே அதிகாரத்தை வேறொரு இடத்திலும் கேட்டிருக்கிறேன். கல்லறைக்குப் பொதுப்பாதை வேணும், தேர் எங்க தெருவுக்கும் வரணும் என்று நம்ம சனங்கள் போய் நிற்கிறபோது, சமாதானம் பேச வருகிற பெரியவர்கள் விரிக்கிற பக்கமும் இதுதான். அன்பின் முதல் குணம் பொறுமை, ஆகவே பொறுங்கள், காலம் வரும் என்கிறார்கள். ஊர்த்தெருக்காரனிடம் இந்தப் பக்கத்தை விரித்து, இத்தனை வருசமா பாதையை மறிச்சு வச்சிருக்கியே, இது அன்பா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு குணத்தை ஒரு தெருவுக்கு மட்டும் ஒதுக்கிக் கொடுத்த கதைதான் இது.

இந்த நிருபம் கி.பி. 50களின் நடுவில் பவுல் எபேசுவில் இருந்துகொண்டு எழுதியது. (பவுல் என்றால் சின்னவன் என்று பொருள். பழைய கத்தோலிக்கத் தமிழில் அவர் சின்னப்பர்.) கொரிந்து கிரேக்க நாட்டு வியாபாரப் பட்டணம். கி.மு. 146இல் ரோமப் படை அதை அழித்துப்போட்டது; கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றினார். குடியேறியவர்களில் விடுதலை பெற்ற அடிமைகள் பலர். புதுப்பணமும் அடிமைத்தனமும் பக்கத்துப் பக்கத்து வாசலில் இருந்த ஊர். கோயில் கட்டடம் என்று கிறிஸ்தவர்களுக்கு அப்போது கிடையாது. வசதியுள்ள ஒருவர் வீட்டில் கூடுவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், அந்தச் சாப்பாட்டோடுதான் அப்பம் பிட்கிற சடங்கும். பெரிய வீடுகளில்கூட, சாய்ந்து சாப்பிடுகிற அறையில் சுமார் 9 பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் முற்றத்தில். ஆளுக்குத் தகுந்த மது, ஆளுக்குத் தகுந்த பண்டம் என்று பரிமாறுவது ரோமப் பிரபுக்களிடம் இருந்த வழக்கம். அவர்களில் ஒருவரான பிளினியே இதைக் கண்டித்துக் கடிதம் எழுதியிருக்கிறார்.

சபைக்குள்ளும் இதே வழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. 11ஆம் அதிகாரத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. உள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு, குடித்து வெறித்திருக்கிறார்கள். இல்லாதவர்களுக்குப் பட்டினி. வேலை முடிந்து பிந்தி வருகிற அடிமைகளும் கூலிக்காரர்களுமே இந்தப் பட்டினி கிடந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பவுல் கடுமையாகக் கோபப்படுகிறார். இல்லாதவனை அவமானப்படுத்துவது சபையையே அவமதிப்பது என்பது அவர் வாதம். நீங்கள் தின்பது கர்த்தருடைய பந்தியே இல்லை என்று மறுத்துவிட்டு, முந்திச் சாப்பிடுகிறவர்களைக் காத்திருக்கச் சொல்கிறார்.

இதற்கு இரண்டு அதிகாரம் தள்ளித்தான் அன்பின் குணங்கள் வருகின்றன. அதே சபைக்கு, அதே கடிதத்தில். கிரேக்கத்தில் அவை பண்புப் பெயர்களாக இல்லை, 15 வினைச்சொற்களாக இருக்கின்றன. அன்பு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதே பேச்சு. பொறுமை என்று நாம் சொல்கிற முதல் வினை, கோபத்தை நீட்டித் தள்ளிப்போடுவதைக் குறிக்கும் சொல். மத்தேயு 18இல் கடன்பட்ட வேலைக்காரன் எஜமான் காலில் விழுந்து கேட்பதும் இதே சொல்லால்தான். அதாவது கழுத்தைப் பிடிக்க வலுவுள்ளவனிடம் கேட்கிற பொறுமை அது. அடுத்தடுத்து வருகிறவற்றையும் பாருங்கள். பெருமையடிக்காமை, தன் ஆதாயம் தேடாமை, அநியாயம் கண்டு மகிழாமை. முற்றத்தில் பட்டினியாக நிற்கிறவனுக்கு எதற்குப் பெருமையடிக்காதே என்கிற புத்தி?

ஒரு சேரியில் வேதபாட வகுப்பில் இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்தோம். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி சொன்னார்: "தின்னவனத்தானய்யா பொறுடான்னு சொல்லியிருக்காரு. பசியோட நிக்கிறவளப் பாத்து எப்படி இத வாசிக்கிறாங்க?" விளக்கவுரைகள் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

பவுலை நான் போராளியாக்கப் பார்க்கவில்லை. பசித்தால் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றும் அதே 11இல் அவர் சொல்கிறார். வீட்டுக்குள் இருக்கிற எஜமான் அடிமை உறவில் அவர் கைவைக்கவில்லை. ஜெர்மன் அறிஞர் கெர்ட் தைசன் இதை அன்பு கலந்த தந்தையாட்சி என்கிறார். மேலிருப்பவன் கனிவாக இருப்பான், கீழிருப்பவன் கீழேயே இருப்பான். யாக்கோபு நிருபமோ ஏழைகளிடமே பொறுமை பேசுகிறது. ஆனால் அறுப்பறுத்தவன் கூலியைப் பிடித்துவைத்த நிலக்காரனை ஆறு வசனம் வைத பிறகே பேசுகிறது. நம்ம பிரசங்கிகள் ஏழாவதில் ஆரம்பிப்பார்கள்.

இந்தப் பந்தி தமிழ்நாட்டுக்கு வந்தது. சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அங்கே அச்சான தமிழ் வேதபுத்தகப் பகுதியைப் படித்து லுத்தரன் சபைக்கு வந்தவர் ராஜநாயக்கன். பறையர். தஞ்சை மன்னர் படையில் சேவகம் பார்த்தவர். உபதேசியாராகி ஊர் ஊராக அலைந்தவர். 1733இல் வேளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். 1741இல் தியோகுவுக்குக் கொடுத்தார்கள். ராஜநாயக்கனுக்குக் கொடுக்கவில்லை. அவருடைய தகுதியில் குறை கண்டு மறுக்கவில்லை. அவர் கையால் மேல்சாதிக்காரர் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்பதுதான் மிஷனரிகளின் கவலை. 1771இல் உபதேசியாராகவே செத்தார். மேல்சாதிக்காரர் மனம் கோணாமல் இருக்க, ஒரு ஆயுசு முழுக்கப் பொறுத்தவர் அவர்.

பறையர் தனியாக உட்காருவது, அப்பமும் ரசமும் மேல்சாதிக்கு முந்தியும் பறையருக்குப் பிந்தியும் கொடுப்பது என்று கொரிந்துவின் முற்றம் தஞ்சைக் கோயில்களில் நிலைத்துவிட்டது. சுவார்ட்ஸ் வளர்த்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர், 1829இல் சாதி ஆசாரத்தை ஆதரித்தே எழுதினார். அத்தனை பெரிய தமிழ், அதற்கா செலவாகணும்? 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதியை உடனே, முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் மேல்சாதியார் பலர் கோயிலுக்கு வருவதையே நிறுத்தினார்கள்.

பிறகுதான் அந்தப் பழைய பெயர் திரும்பி வந்தது. அன்பின் விருந்து. யூதா நிருபத்தில் ஆதிச்சபையின் சாப்பாட்டுக்கு இருக்கிற பெயர். 1847இல் மதுரை அமெரிக்க மிஷன், தன்னிடம் வேலை பார்க்கிறவர்கள் கீழ்ச்சாதியார் சமைத்ததைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றது. பலர் வேலையை விட்டுப் போனார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, பறையரோடு உண்டு சாதியை உடைத்ததாகக் காட்டாதவரைச் சபையில் சேர்க்கக்கூடாது என்று தீர்மானம் போட்டது. விருந்துகள் நடந்தன. யார் சாப்பிட்டார், யார் நழுவினார் என்று மிஷனரிகள் கணக்கெடுத்தார்கள். எனக்கு இதில் மரியாதையும் உண்டு, சங்கடமும் உண்டு. சோற்றில் கைவைத்தது சரியான இடம்தான். ஆனால் அந்தப் பந்தியில் பறையர் விருந்தாளி இல்லை. அடுத்தவன் விசுவாசத்தை உரசிப் பார்க்க வைத்த உரைகல்.

எதிர்ப்பு லைப்சிக் லுத்தரன் மிஷனிடமிருந்து வந்தது. அதன் தலைவர் கார்ல் கிரால், திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். சாதி சமூக வழக்கம், கட்டாயப்படுத்தாமல் மெல்ல மெல்லக் கரையவிடணும் என்பது அவர்கள் கட்சி. ஆங்கிலச் சபையை விட்ட வேளாளக் குடும்பங்கள் பல இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. அன்பும் பொறுமையும் இங்கே நேராக மேல்சாதிக்கே போய்ச் சேர்ந்தன. அந்தப் பொறுமைக்கான விலையை யார் கட்டினார் என்று கணக்கெடுக்க எந்த மாநாடும் கூடவில்லை.

கத்தோலிக்கர் பக்கமும் வேறு கதையல்ல. பறையர் வீட்டுக்குள் போய்ச் சாவுப்படுக்கையில் இருப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக் குருக்கள் தயங்கக்கூடாது என்று ரோமாபுரி சொல்ல வேண்டியிருந்தது. 1744இல் போப்பாண்டவர் 14ஆம் ஆசீர்வாதப்பரின் கட்டளை வந்தபோது, பறையருக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்கிச் சமாளித்தார்கள். கட்டளையும் நிறைவேறியது, தெருவும் பிரிந்தே இருந்தது.

அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், வன்னியக் கிறிஸ்தவர்களின் பெரிய கோயிலில் தலித் கத்தோலிக்கர்களுக்குத் தனி இடம், தனிப் பாதை, தனிக் கல்லறை. காத்திருந்து சலித்தவர்கள் 2008இல் தங்கள் கோயிலைத் தனிப்பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். அப்பத்தை முதல் பந்தியில் கேட்கவில்லை, எங்கள் பந்தியை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். அதற்கும் பொறுமை இல்லை. மார்ச் 9ஆம் தேதி தலித் தெரு தாக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள். அன்று தவக்காலத்து ஞாயிறு.