கடல் கடந்த கல்வியும் அம்பேத்கர் நினைவுக்கொடையும்

மேலூருக்கு மேற்கே சில மைல் தொலைவில் மாங்குளம் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அதனை அடுத்த மீனாட்சிபுரத்துக் குன்றின்மீது இயற்கையாக அமைந்த குகைகள் சில உள்ளன. உள்ளே பாறையைச் செதுக்கி வழவழப்பாக்கிய கற்படுக்கைகள். வெளியே, மழைநீர் உட்புகாதவாறு குகையின் நெற்றியில் வெட்டிய காடி. அருகே தமிழ்ப் பிராமி எழுத்துகள். 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சுவெல் இக்கல்வெட்டுகளைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அவற்றின் மொழி தமிழே என்பதை 1924இல் எடுத்துக் காட்டியவர் கே. வி. சுப்பிரமணிய ஐயர். பின்னாளில் ஐராவதம் மகாதேவன் அவற்றை மேலும் துலக்கி, கி. மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்று கணித்தார்.

கல்வெட்டுகள் கூறும் செய்தி எளியதுதான். கணி நந்தி என்ற சமண ஆசிரியருக்கு, நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பணியாளனாகிய கடலன் வழுதி என்பவன் அந்தப் பள்ளியை அமைத்துக் கொடுத்தான். வெள்ளறை நிகமத்து வணிகரும் அக்குன்றில் அறம் செய்திருக்கின்றனர். வெள்ளறை என்பது மதுரையிலிருந்து மேலூர் வரும் சாலையில் இன்றும் இருக்கின்ற வெள்ளரிப்பட்டியே என்று கருதும் அறிஞர் உளர். அந்த வணிகர்கள் ஆசிரியருக்குப் பொன் கொடுத்தார்களா, நெல் கொடுத்தார்களா என்பதற்குக் கல்லில் விடை இல்லை. படுக்க ஓர் இடமும் மழைக்கு ஒரு கூரையும் கொடுத்தார்கள் என்பதற்குக் குன்றே சான்றாக நிற்கின்றது. கற்றவன் ஒருவனுக்கு உதவுவது என்றால் முதலில் அவன் தலைசாய்க்க இடம் தருவது என்று எங்கள் வட்டாரத்தார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர் போலும்.

இன்று நான் சொல்லவந்தது குகைகளைப் பற்றி அன்று. கடல் கடந்து சென்று ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற விரும்பும் மாணவர்களுக்கு வழங்கப்படும் ஒரு நினைவுக்கொடையைப் பற்றி. ஆயினும் அந்தக் கற்படுக்கையை நேயர்கள் சற்றே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

இத்தகைய கொடையை முன்பெல்லாம் ‘உபகாரச் சம்பளம்’ என்று வழங்கினோம். இன்று ‘கல்வி உதவித்தொகை’ என்கின்றோம். இலங்கைத் தமிழர் ‘புலமைப்பரிசில்’ என்பர். மூன்று சொற்களுள் எனக்கு உவப்பானது மூன்றாவது; உபகாரம் என்ற சொல்லில் கொடுப்பவன் கை மேலாகவும் கொள்பவன் கை கீழாகவும் தோன்றுகின்றன, பரிசில் என்பதிலோ அந்த வேறுபாடு மறைந்துவிடுகின்றது.

உலகில் பெயர் பெற்ற உபகாரச் சம்பளங்கள் பெரும்பாலும் கொடுத்தவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. 1892ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஏற்படுத்திய நிதி அவர் பெயரால் வழங்குகின்றது. அது திருப்பிச் செலுத்தவேண்டிய கடனாகவே கொடுக்கப்படுவது. அமெரிக்காவில் மிஷிகன் பல்கலைக் கழகத்தில் ஆசியப் பெண்களுக்கென்று 1917இல் லீவை பார்பர் என்பவர் ஒரு நிதி வைத்தார். சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜானகி அம்மாள் அந்த உதவியால் அங்குச் சென்று தாவர இயலில் ஆராய்ந்து, 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்க் கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தார். அங்கும் பெயர் பார்பருடையதே.

தமிழ்நாட்டு அரசு நடத்திவரும் ‘அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம்’ இவ்வகையில் வேறுபட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் ஆகிய வகுப்பு மாணவர்கள் அயல்நாட்டுப் பல்கலைக் கழகங்களில் முதுகலையும் ஆராய்ச்சியும் பயில்வதற்காக ஏற்பட்டது அது. 36 இலட்சம் ரூபாய் வரை அளிக்கின்றது. அதில் பொறிக்கப்பட்ட பெயர் கொடுத்தவருடையது அன்று. ஒரு காலத்தில் கைநீட்டிப் பெற்றவருடையது. ஆகவே அத்திட்டத்தை அளப்பதற்குரிய கோலை வேறெங்கும் தேடவேண்டுவதில்லை. அம்பேத்கருக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பார்த்தாலே போதும்.

1912இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி. ஏ. தேறிய அம்பேத்கர், மறு ஆண்டின் தொடக்கத்தில் பரோடா சமஸ்தானத்தில் பணியேற்றார். சில நாட்களிலேயே, பிப்ரவரி 2ஆம் நாள், தந்தையார் காலமானார். குடும்பம் முழுவதும் அவர் தோள்மீது விழுந்த அந்நிலையில், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் சில மாணவரை அமெரிக்காவுக்கு அனுப்பக் கருதியிருக்கிறார் என்ற செய்தி வந்தது. 1913 ஜூன் 4ஆம் நாள் ஒப்பந்தம் எழுதப்பட்டது. மாதம் 11½ பவுன், மூன்று ஆண்டுகள், படித்துத் திரும்பியபின் பத்து ஆண்டுகள் சமஸ்தானத்தில் ஊழியம். அந்த ஜூலையிலேயே அவர் நியூயார்க்கு நகரில் இறங்கினார்.

கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் அவர் படித்த படிப்பை இங்கு விரிக்கப் புகவில்லை. பொருளியல், சமூகவியல், வரலாறு என்று பல துறைகளில் பாடங்கேட்டார், 1915இல் எம். ஏ. பட்டம் பெற்றார், 1916 மே 9ஆம் நாள், இந்தியாவில் சாதிகள் தோன்றிய வகையைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அவ்வாண்டு அக்டோபரில் இலண்டன் பொருளாதாரக் கல்லூரியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். அங்கே ஆராய்ச்சி சூடுபிடிக்கும் வேளையில் உதவித்தொகையின் காலம் முடிந்தது. 1917இல் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுத் தாயகம் திரும்பவேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பிவந்து தொடரலாம் என்று கல்லூரி அனுமதித்தது ஒன்றே ஆறுதல். போர்க்காலம், அவருடைய பெட்டிகளை ஏற்றிவந்த வேறொரு கப்பல் எதிரிகளின் தாக்குதலில் மூழ்கியது.

ஒப்பந்தப்படி பரோடாவுக்குச் சென்றார். இரண்டு கண்டங்களின் பல்கலைக் கழகங்களில் பயின்ற அந்த அறிஞருக்கு அந்நகரில் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சிகளுக்கான விடுதி ஒன்றில் சில நாட்கள் இருந்தார்; அவர் இன்ன வகுப்பினர் என்று தெரிந்ததும் தடியேந்திய கூட்டம் ஒன்று வந்து வெளியேறச் சொல்லிற்று. அலுவலகத்தில் ஏவலாளர்கள் கோப்புகளை அவர் மேசைமீது தூர நின்று எறிந்தார்கள். பெருந்தொகை செலவிட்டுப் படிக்கவைத்த மன்னரின் தலைநகரிலேயே அவருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. கடலன் வழுதி கணி நந்திக்குச் செய்து கொடுத்ததையும் இதனையும் ஒப்பிட்டு நோக்காமல் இருக்க என்னால் இயலவில்லை.

அவர் பம்பாய்க்குத் திரும்பி, சிடனம் கல்லூரியில் 1918 நவம்பரிலிருந்து 1920 மார்ச்சு வரையில் பேராசிரியராக இருந்து பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கடன் கொடுத்தார். 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, 1921இல் எம். எஸ்ஸி., 1923இல் டி. எஸ்ஸி. பட்டங்களைப் பெற்றார். மூன்றாண்டு என்று வரையறுத்த உதவித்தொகை இன்னும் இரண்டே ஆண்டுகள் நீண்டிருந்தால் எவ்வளவு அலைச்சல் மிஞ்சியிருக்கும்! கொலம்பியாவின் டாக்டர் பட்டமோ இன்னும் தாமதித்தது. ஆராய்ச்சியுரையை அச்சிட்டுத் தந்தால்தான் பட்டம் என்பது அக்காலத்து விதி. மாகாணங்களின் நிதி வளர்ச்சியைப் பற்றிய அந்நூல் 1925இல்தான் இலண்டனில் அச்சேறியது. பட்டம் 1927இல் வந்தது. நூலின் முகப்பில், தம் கல்விக்கு உதவிய பரோடா மன்னருக்கு நன்றி கூறி அதனைக் காணிக்கையாக்கியிருக்கின்றார் அம்பேத்கர். பட்ட துன்பத்தை எழுதவேண்டிய இடத்தில் எழுதினார். பெற்ற உதவியை மறைக்கவில்லை.

அம்பேத்கர் நியூயார்க்கில் இறங்கி எட்டுத் திங்கள் கழித்து, 1914 மார்ச்சு 17ஆம் நாள், நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘நெவாசா’ என்னும் கப்பலில் மற்றொருவர் புறப்பட்டார். அவர் கும்பகோணத்துச் சீனிவாச இராமாநுஜன். சென்னைப் பல்கலைக் கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் என இரண்டாண்டுகளுக்கு அளித்தது. கப்பல் கட்டணமும் உடை வகைக்குரிய பணமும் தனி. இருவருக்கும் கிடைத்த தொகையை நோக்குக. அம்பேத்கருடையது ஆண்டுக்கு 138 பவுன்; இராமாநுஜனுடையது அதற்கு இரண்டு மடங்கிற்குச் சிறிது குறைவு. தொகையினும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. இராமாநுஜன் புறப்படும்போதே, தம் பணத்தில் மாதம் 60 ரூபாயைத் தாயாருக்கு நேரே அனுப்பிவிடுமாறு ஏற்பாடு செய்துகொண்டார். பல்கலைக் கழகமும் இணங்கிற்று. காலம் முடிந்தபோது தொகையை நீட்டிக்கவும் செய்தது. மகன் கேம்பிரிட்ஜில் எண்களோடு இருந்த ஆண்டுகளில் வீட்டில் அடுப்பு எரிந்ததற்கு அந்த 60 ரூபாயும் ஒரு காரணம். ஆராய்ச்சி உதவித்தொகைகளின் வரலாற்றில் இந்தச் சிறு ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கின்றேன்.

இராமாநுஜனைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவர் தாயகம் திரும்பவிருந்த தறுவாயில், மேலும் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுன் தருவதாகச் சென்னைப் பல்கலைக் கழகம் அறிவித்தது. நோயாளியாய்ப் பட்னியில் ஒரு மருத்துவ விடுதியில் கிடந்த அவர், 1919 ஜனவரி 11ஆம் நாள் பதிவாளர் டியூஸ்பரிக்கு மறுமொழி எழுதினார். இது தமக்கு வேண்டியதினும் அதிகம் என்றும், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்துத் தம் தேவைக்கும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்களின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்தவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் 1920 ஏப்ரல் 26ஆம் நாள் மறைந்துவிட்டார்.

விடுதலைக்குப் பின் இந்திய அரசு, தாழ்த்தப்பட்ட வகுப்பினரை அயல்நாடுகளுக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் தேசிய உதவித்தொகைத் திட்டத்தை 1954-55ஆம் ஆண்டில் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் நாடு முழுமைக்கும் 125 இடங்கள் என்ற கணக்கு. அவற்றுள் 115 பட்டியல் வகுப்பினருக்கு. நிலமற்ற உழவுத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் குடும்பங்களுக்கு நான்கே இடங்கள். பெரியாற்றுத் தண்ணீரால் நெல் விளையும் மேலூர் வட்டாரத்தில், பிறர் நிலத்தில் நாற்று நட்டுக் கூலி பெறும் குடும்பங்கள் எத்தனை என்பதைக் கண்டவர்க்கு அந்த நான்கின் சிறுமை விளங்கும்.

2022இல் அத்திட்டத்தின் விதிகளில் ஒரு மாற்றம் புகுந்தது. இந்தியாவின் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, சமூகம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட ஆராய்ச்சிக்கு உதவி இல்லை என்றார்கள். அவற்றை நம் நாட்டிலேயே படிக்கலாமே என்பது கூறப்பட்ட காரணம். ஓரளவு நியாயமுள்ள காரணம்தான். ஆனால், இந்தியாவில் சாதிகளின் தோற்றத்தைப் பற்றி 1916இல் நியூயார்க்கில் ஒரு மாணவர் கட்டுரை படித்தாரே, அந்த ஆராய்ச்சி இந்த விதிக்குள் அடங்குமா? மாங்குளத்துக் கல்வெட்டுகளை ஏனைய நாடுகளின் பழைய எழுத்துகளோடு வைத்து ஆராய எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் விரும்பினால் அவனுக்கு வழி என்ன? ஒரு பொருளை அது பிறந்த இடத்திலிருந்து மட்டுமே நன்றாகக் காணமுடியும் என்பது வரலாறு ஒப்புக்கொள்ளாத கொள்கை.

பின்னும் ஒரு நிகழ்ச்சி. 2025 ஜூலையில், அவ்வாண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 106 மாணவருள் 40 பேருக்கே முதலில் ஆணை வழங்கப்பட்டது. எஞ்சிய 66 பேருக்கு, நிதி கிடைப்பதைப் பொறுத்துப் பின்னர் என்று விடை வந்தது. செய்தியைப் படித்தபோது எனக்கு 1917ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அயல்நாட்டுப் பல்கலைக் கழகம் இடம் கொடுத்துவிட்டுக் காலவரையறையின்றிக் காத்திருப்பதில்லை. விசா வேண்டுமானால் பணம் இருப்பதற்குச் சான்று காட்டவேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆணை தாமதித்தால் தந்தையின் வங்கிக் கணக்கைக் காட்டிப் புறப்பட்டுவிடுவான். கூலி வேலை செய்பவரின் மகள் ஆணையைத் தவிர வேறு எதைக் காட்டுவாள்? காலந்தாழ்ந்து வரும் கொடை, அது யாருக்கென்று ஏற்பட்டதோ அவர்களையே முதலில் கைவிடுகின்றது.

மாநில அரசின் கொடை இவ்வகையில் முந்திக்கொள்ளுமாயின் அம்பேத்கர் பெயருக்கு அதுவே பொருத்தமான சிறப்பு. தொகை பெரிது, அதில் எனக்குக் குறை சொல்ல ஏதும் இல்லை. நான் கேட்பது இராமாநுஜனின் 60 ரூபாய்க்கு இணையான ஓர் ஏற்பாடு. ஆராய்ச்சிக்குச் செல்பவர் பெரும்பாலும் குடும்பத்தில் சம்பாதிக்கும் வயதை எட்டியவர். அவர் நான்காண்டுகள் கடலுக்கு அப்பால் இருந்தால், வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கூலி ஒன்று நின்றுபோகின்றது. கல்லூரிக் கட்டணத்தைக் கணக்கிடும் அலுவலகம் இந்த இழப்பையும் ஒரு கலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்க் கல்லூரியில் பயிலும் இளைஞர் சிலர் இவ்விஷயங்களைக் கேட்டுக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. எந்த நாடு, எந்தப் பல்கலைக் கழகம் என்றெல்லாம் அவர்களே என்னைவிட நன்கு அறிந்திருக்கின்றனர். நான் அவர்களுக்குச் சொல்வது வேறு. விண்ணப்பத்தோடு வரும் விதிகளில் ஆராய்ச்சி நீண்டால் உதவியும் நீளுமா என்ற பகுதியை முதலில் படியுங்கள். அதன்பின், முதல் தவணை எந்தத் தேதியில் வந்துசேரும் என்பதை அலுவலகத்தாரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கப்பலோ விமானமோ பார்த்துக்கொள்ளலாம்.