முகமூடிக்கு யார் அனுமதி கொடுத்தது?

பழைய சூப்பர் ஹீரோ தொலைக்காட்சித் தொடர்களை வைத்து மேசையில் ஒரு கதை விளையாட்டு நடத்துவோம் எண்டால், எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது உடுப்பும் சத்தமும்தான். இறுக்கமான காற்சட்டை, தோளில் தொங்குகிற துணி, சரிந்து நிற்கிற கமெரா, அடி விழும்போது திரையில் பெரிய எழுத்தில் வெடிக்கிற சொற்கள். இதெல்லாவற்றையும் ஒரே பின்னேரத்தில் மேசைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனா ஏழெட்டுக் கிழமை தொடர்ந்து விளையாட இது காணாது. மூன்றாம் கிழமையே பகிடி பழசாகிவிடும். அதுக்குப் பிறகும் கதையை நகர்த்துகிற கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த முகமூடிக்காரருக்கு யார் அனுமதி கொடுத்தது?

அமெரிக்கத் தொலைக்காட்சி இந்தக் கேள்விக்கு 1950களில் ஒரு பதில் சொன்னது. 1960களில் இன்னொன்று, 1970களில் வேறொன்று. மூன்றும் அந்தந்தக் காலத்து அமெரிக்காவின் பதில்கள். விளையாட்டை நடத்துகிறவர் எதை எடுக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அந்த விளையாட்டின் குணமே அமைகிறது.

விளையாடிப் பழக்கமில்லாத ஆக்களுக்காகச் சுருக்கமாக: நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் அதில் வருகிற மற்ற மனிதர்களையும் அவர் வாயால் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக, 'நான் இப்ப இதைச் செய்யிறன்' என்று சொல்வார்கள். சரிவருமா வராதா என்று சந்தேகம் வந்தால் தாயக்கட்டை தீர்மானிக்கும். கிழமைக்கணக்கில் ஒரே கதை தொடர்ந்தால் அதற்குப் பெயர் கம்பெய்ன். அது படையெடுப்பைக் குறிக்கிற சொல். 1974 இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி வெளிவந்த 'டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', சின்னச் சின்னப் படைவீரர் பொம்மைகளை நகர்த்துகிற போர் விளையாட்டில் இருந்து வளர்ந்தது. அதனால்தான் அந்தச் சொல். போரில் பிறந்த விளையாட்டு, ஆளைக் கொல்லக்கூடாத சூப்பர் ஹீரோவை எப்படிச் சமாளித்தது என்பதற்குப் பிறகு வருவோம். முதலில் தொலைக்காட்சி.

1951 இல் ஜோர்ஜ் ரீவ்ஸ் நடித்த 'சூப்பர்மேன் அண்ட் த மோல் மென்' என்ற சிறிய படம் வந்தது. உலகத்திலேயே ஆழமான எண்ணெய்க் கிணறு ஒன்றைத் தோண்டுகிறார்கள். நிலத்துக்குக் கீழே வாழ்கிற குள்ளமான உயிர்கள் அந்தத் துளை வழியாக மேலே வருகின்றன. அவை ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆனா ஊர் பயந்துபோய்த் துவக்கோடு திரள்கிறது. சூப்பர்மேன் நிற்பது ஊருக்கும் அந்த உயிர்களுக்கும் நடுவில். ஊர்க்காரரின் ஆயுதங்களைப் பறிப்பதுதான் அவருடைய பெரிய வீரச்செயல். அடுத்த ஆண்டு தொடங்கிய தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்தின் முடிவில் இதே படத்தை இரண்டு அத்தியாயமாக வெட்டிப் போட்டார்கள். அயலவரையே கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்த மக்கார்த்தி காலம் அது. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கான ஒரு படம், 'கூட்டமும் பிழை விடும்' என்று சொன்னது. இங்கே ஹீரோ யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கூட்டத்தின் அனுமதி இல்லாமல், கூட்டத்துக்கு எதிராகவே நிற்கிறார்.

இந்தக் கூர்மை நீடிக்கவில்லை. இரண்டாம் பருவத்தில் தயாரிப்பாளர் மாறினார். கெலொக்ஸ் என்ற காலை உணவுக் கம்பனி விளம்பரதாரர். சண்டையும் இருட்டும் குறைந்து தொடர் பிள்ளைகளின் பக்கம் சாய்ந்தது. 1954 இல் கொமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று செனட் உபகுழு விசாரணை நடத்தியது. அதே ஆண்டு கொமிக்ஸ் கம்பனிகள் தாங்களாகவே ஒரு ஒழுக்கக் கோவையை எழுதிக்கொண்டன. நல்லவன்தான் எப்போதும் வெல்லவேண்டும் என்பது அதில் ஒரு விதி. பொலிஸையும் நீதிபதிகளையும் அரச அதிகாரிகளையும் மரியாதை கெடும்படி காட்டக்கூடாது என்பது இன்னொரு விதி. அந்தக் கோவை அச்சுக்கு மட்டுமானது, தொலைக்காட்சிக்கு அல்ல. ஆனா 12 ஆண்டுகள் அந்த விதிக்குள் வளர்ந்த பேட்மேன்தான் 1966 இல் திரைக்கு வந்தார்.

1966 ஜனவரி 12 இல் ஏ.பி.சி. அலைவரிசையில் தொடங்கிய 'பேட்மேன்', 1968 மார்ச் வரை 120 அத்தியாயங்கள் ஓடியது. அடம் வெஸ்டின் பேட்மேன் ஒரு குற்றவாளியை விட வேகமாக ஓடுவார், ஆனா வீதி ஒழுங்கை மீறமாட்டார். கொமிஷனர் கோர்டனின் மேசையில் சிவப்புத் தொலைபேசி ஒன்று இருக்கும். அது அடித்தால் கேள்வியே இல்லை, வண்டி புறப்படும். அவர் சட்டபூர்வமாக நியமிக்கப்பட்ட பொலிஸ் துணை அதிகாரி என்று தொடரிலேயே சொல்கிறார்கள். முகமூடி போட்ட அரச ஊழியர் என்றே சொல்லலாம். அனுமதி தந்தது அரசு, அத்தோடு கதை முடிந்தது.

தொடர் இதைப் பகிடியாகத்தான் செய்தது. பிள்ளைகள் வீரம் என்று பார்த்தார்கள், பெரியவர்கள் அந்த அப்பாவித்தனமான கீழ்ப்படிவைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனா அந்தச் சிரிப்பு எந்த வெளியில் கேட்டது என்பதையும் பார்க்கவேண்டும். தொடர் தொடங்க ஐந்து மாதம் முந்தித்தான் லொஸ் ஏஞ்சலிஸின் வொட்ஸ் பகுதியில், பொலிஸ் ஒரு கறுப்பின இளைஞரைக் கைதுசெய்ததில் தொடங்கிய கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். 1967 ஜூலையில் டெட்ரொயிட்டில் 43 பேர். கோதம் நகரத்தில் மட்டும் பொலிஸ் எப்போதும் நல்லவர், கொஞ்சம் மந்தமானவர், அவ்வளவுதான்.

இந்த இரண்டு நகரங்களும் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் சந்தித்தன. மூன்றாம் பருவத்தில் கட்வுமன் பாத்திரத்தில் ஏர்தா கிட் நடித்தார். தென் கரோலினாவில் வறுமையில் பிறந்த கறுப்பினப் பாடகி. 1967 டிசம்பரில் அவர் கட்வுமனாகத் திரையில் தோன்றினார். 1968 ஜனவரி 18 இல் ஜனாதிபதியின் மனைவி லேடி பேர்ட் ஜோன்சன் வெள்ளை மாளிகையில் கொடுத்த மதிய விருந்துக்கு அழைக்கப்பட்டார். இளைஞர் குற்றங்களை எப்படிக் குறைப்பது என்பது பேச்சு. கிட் எழும்பி, பிள்ளைகளை வியட்நாமுக்கு அனுப்பிச் சாகக் கொடுக்கிறீர்கள், அவர்கள் கலகம் செய்யாமல் என்ன செய்வார்கள் என்ற கருத்தில் முகத்துக்கு நேரே பேசினார். அதன் பிறகு அமெரிக்காவில் அவருக்கு வேலை வறண்டுபோனது. ஆண்டுக்கணக்காக வெளிநாட்டு மேடைகளில்தான் பாடினார். சி.ஐ.ஏ. அவரைப் பற்றிக் கோவை வைத்திருந்தது என்பதை 1975 இல் நியூயோர்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. 1978 இல்தான் பிரோட்வே மேடைக்குத் திரும்பினார்.

திரையில் கட்வுமன் களவெடுத்தால் பிடித்தார்கள். திரைக்கு வெளியே அந்த நடிகை ஒன்றும் களவெடுக்கவில்லை.

வியட்நாம் தோல்வியும் வோட்டர்கேட்டும் வந்த பிறகு, அரசு தந்த அனுமதியை நம்புவது கஷ்டமாகிவிட்டது. 1977 நவம்பரில் சீ.பி.எஸ். அலைவரிசையில் 'த இன்கிரெடிபிள் ஹல்க்' வந்தது. பில் பிக்ஸ்பியின் டேவிட் பானர் செத்துவிட்டதாக உலகம் நம்புகிறது. தோளில் ஒரு பையோடு ஊர் ஊராக நடக்கிறார். கிடைத்த கூலி வேலை செய்கிறார். யாருக்காவது உதவுகிறார், கோபம் வந்தால் லூ ஃபெரிக்னோவின் பச்சை உருவமாகிறார், அந்த ஊரையும் விட்டுப் போகிறார். ஜாக் மெக்கீ என்ற பத்திரிகையாளர் விடாமல் பின்தொடர்கிறார். தயாரிப்பாளர் கெனத் ஜோன்சனுக்கு இந்தத் துரத்தலின் மாதிரி விக்டர் ஹியூகோவின் 'லே மிசராப்ள'. சிவப்புத் தொலைபேசி இல்லை, அடையாள அட்டை இல்லை. இந்த ஹீரோவுக்கு அனுமதி தர ஒருவருமே இல்லை.

இனி விளையாட்டுக்கு வருவோம். 1979 இல் ஜெஃப் டீயும் ஜாக் ஹேர்மனும் எழுதிய 'வில்லன்ஸ் அண்ட் விஜிலான்டீஸ்' வந்தது. அனுமதியின்றிக் காவல் செய்கிறவர் என்ற அர்த்தம் பெயரிலேயே இருக்கிறது. இதில் நீங்கள் ஒரு பாத்திரத்தை உருவாக்குவதில்லை. சக்தி கிடைத்தால் நீங்களே எப்படி இருப்பீர்கள் என்றுதான் விளையாடவேண்டும். 1981 இல் 'சாம்பியன்ஸ்' வந்தது. அதில் பலவீனம் எடுத்தால் பதிலுக்குப் புள்ளி கிடைக்கும். யாரோ உன்னைத் துரத்துகிறார்கள், உன்னை நம்பி ஒரு ஆள் இருக்கிறார், உனக்கு ஒரு இரகசிய அடையாளம் இருக்கிறது, கொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாய், இவை எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. மெக்கீ பானரைத் துரத்துவது அப்படியே ஒரு விதியாகிவிட்டது. 1984 இல் டீ.எஸ்.ஆர். வெளியிட்ட, ஜெஃப் கிரப் வடிவமைத்த 'மார்வல் சூப்பர் ஹீரோஸ்' கர்மா என்ற புள்ளியைக் கொண்டுவந்தது. ஆளைக் காப்பாற்றினால் கர்மா ஏறும். இக்கட்டில் அதைச் செலவழித்துத் தாயக்கட்டையின் இலக்கத்தை உயர்த்தலாம். ஹீரோ ஒருவரைக் கொன்றால் சேர்த்த கர்மா முழுவதும் பூச்சியம்.

எதிரியைக் கொன்று முன்னேறுகிற போர் விளையாட்டின் பிள்ளை, பத்தே ஆண்டில் கொன்றால் எல்லாம் போகும் என்று விதி எழுதியது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். தொலைக்காட்சியில் ஹீரோ கொல்லாததற்கு விளம்பரதாரரும் காரணம், குடும்பம் பார்க்கிற நேரமும் காரணம். மேசையில் அது விளையாடுகிறவரின் சொந்தத் தீர்மானமாகிறது. கொல்லலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனா விலை உண்டு.

நடத்த யோசிக்கிற ஆக்களுக்கு மூன்று விசயம்.

முதலாவது, ஆண்டைத் தெரிவுசெய்யுங்கள். 'பழைய காலம்' என்று பொதுவாக வைத்தால் வெறும் உடுப்புத்தான் மிஞ்சும். 1952 எண்டால் கூட்டம், 1966 எண்டால் அட்டை, 1977 எண்டால் தெரு.

இரண்டாவது, பேட்மேனின் இரண்டு நாள் வடிவத்தைத் தாராளமாக எடுங்கள். முதல் இரண்டு பருவமும் புதன் இரவு ஹீரோ பொறியில் மாட்டுவார், வியாழன் இரவு தப்புவார். பொறி எப்பவும் ஆறுதலாக வேலை செய்யும், வில்லன் பார்த்துக்கொண்டு நிற்காமல் போய்விடுவார். பார்வையாளர் அடுத்த நாளும் வரவேண்டும் என்பதுதான் காரணம். மேசையிலும் அதே பயன்: அந்தக் கிழமை பொறியில் முடித்தால், ஏழு நாளும் எல்லாரும் தப்புகிற வழியை யோசித்துக்கொண்டே திரிவார்கள்.

மூன்றாவது, அனுமதியை ஒரு பொருளாக மேசையில் வையுங்கள். போன வருடம் ஹொஸ்டலில் ஐந்து பேர் இப்படி விளையாடினோம், நான் கேம் மாஸ்டர். ஆண்டு 1968, கற்பனையான ஒரு அமெரிக்க நகரம். நாலு ஹீரோக்களுக்கும் மட்டையில் வெட்டிய பொலிஸ் அட்டை கொடுத்தேன். அதைக் காட்டினால் கதவு திறக்கும், வாகனம் கிடைக்கும், தாயக்கட்டையில் ஒரு புள்ளி கூடும். மூன்று கிழமை வில்லன்களோடு நல்ல சந்தோசமாகப் போனது. நாலாவது கிழமை கொமிஷனர் அழைத்தார். மேயரின் விருந்தில் ஒரு பாடகி போருக்கு எதிராகப் பேசிவிட்டார், அவர் எங்கே போகிறார், யாரோடு கதைக்கிறார் என்று பார்த்துச் சொல்லவேண்டும். அவ்வளவுதான். பொறி இல்லை, வில்லன் இல்லை.

ஒருத்தர் உடனே கேட்டார்: "அவா என்ன களவே எடுத்தவா?" இன்னொருத்தர், கட்டளை எண்டால் கட்டளைதானே என்றார். இரண்டு மணித்தியாலம் தாயக்கட்டை உருளவே இல்லை. கடைசியில் இரண்டு பேர் அட்டையைத் திருப்பி வைத்தார்கள், இரண்டு பேர் வைத்துக்கொண்டார்கள். அட்டை வைத்திருந்தவர்களில் ஒருத்தி, உள்ளுக்குள் இருந்தால்தான் பாடகியை எச்சரிக்கலாம் என்றாள். மற்றவர் கடைசிவரை கட்டளையின் பக்கம்தான். அடுத்த கிழமையில் இருந்து, அட்டை இல்லாத இரண்டு பேரின் கதையும் தானாகவே 1977 போல ஆகிவிட்டது.

இது இன்றைய கண்ணால் பழசைப் பார்க்கிற வேலை, சிரிக்க வந்த இடத்தில் அரசியல் எதுக்கு என்று கேட்கலாம். ஆனா இந்தக் கேள்வியை நாங்கள் இன்றிலிருந்து கொண்டுபோகவில்லை. அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, அதில் நடித்த ஒருவரே வெள்ளை மாளிகையில் வைத்துக் கேட்டுவிட்டார். அவரை வெளியில் விட்டுவிட்டுக் கட்வுமனின் கறுப்பு உடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், அது 1968 ஆகாது.

ஆனபடியால், நீங்கள் நடத்தினால் பறக்கிற சக்தியா, பலமா என்று கேட்க முதல், ஒவ்வொருவரிடமும் ஒன்றைக் கேளுங்கள்: உன்னுடைய ஹீரோ யாருக்குப் பதில் சொல்லவேண்டியவர்? பதிலை ஒரு துண்டில் எழுதி மேசையில் வையுங்கள். பிறகு முகமூடியைப் போடுங்கள், சத்தமாகச் சண்டை பிடியுங்கள். அந்தத் துண்டை ஒருநாள் எடுத்துப் பார்க்கவேண்டி வரும்.