கோஷாவும் முடுக்கும்: தாமிரபரணிக் கரையில் ஆண் பெண் ஒதுக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிக்கு வந்த பெண் மிஷனெரிமாருக்குக் கோஷா முறைமை திறக்கப்படவேண்டிய சிறைக்கதவாகவே தோன்றிற்று. 1880இல் இங்கிலாந்துத் திருச்சபையில் எழுந்த ஜெனானா மிஷனெரி சங்கத்தின் பெயரே அதற்குச் சான்றாகும். ஜெனானா என்பது இல்லத்தினுள் பெண்டிர் உறையும் பகுதி. 1896இல் இவ்வட்டாரத்திற்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் அச்சங்கத்தின் ஊழியரே. அவர்கள்தம் தொண்டினை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயினும் அவர்களிடமிருந்து பெற்ற பார்வையை ஆராயாமலே அண்டை வீட்டாரைக் குறித்துப் பிரசங்கிக்கிறோம் என்பதே நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது.

திருக்குர்ஆன் 24ஆம் அத்தியாயம் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுமாறு முதலில் ஆண்களுக்கும் (30), பின்னரே பெண்களுக்கும் (31) கட்டளையிடுகிறது. திரைக்கு அப்பாலிருந்து கேட்குமாறு கூறும் 33:53 நபிகள் நாயகத்தின் மனைவியரைக் குறித்தது. திருமண விருந்திற்கு வந்தோர் நேரமறியாது தங்கியதே அதற்குக் காரணம் என்பது மரபுச் செய்தி. பெண்களைப் பள்ளிவாசலினின்று தடுக்கலாகாது என்ற நபிமொழி உண்டு. அவர்களுக்கு இல்லத்தில் தொழுவதே மேல் என்ற நபிமொழியும் உண்டு. மதீனாவில் ஆண்களின் வரிசைகளுக்குப் பின்னே பெண்கள் நின்று தொழுதனர். பிற்காலச் சட்ட அறிஞர் பலர், காலத்தின் சீர்கேட்டைக் காரணங்காட்டி, இளம்பெண்கள் பள்ளிவாசல் செல்வதை விரும்பாராயினர். பைசாந்தியக் கிறிஸ்தவ மேட்டுக்குடியிலும் முக்காடும் ஒதுக்கமும் முன்னரே வழங்கியதை லைலா அஹ்மத் 1992இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். நமக்குச் சற்றே கூச்சந்தரும் செய்திதான்.

இனி, 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த காயல்பட்டினத்தை நோக்குவோம். தாமிரபரணிக் கழிமுகத்திற்குத் தெற்கேயுள்ள இவ்வூரார் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். கடல் வாணிபத்தால் வளர்ந்தோர். ஆடவர் செல்வது தெரு. பெண்டிர் செல்வது வீடுகளுக்கிடையே ஓடும் குறுகிய முடுக்கு. முடுக்கு வழியே உறவினர் இல்லங்களுக்கும், பெண்களுக்கென அமைந்த தைக்காக்களுக்கும் செல்லலாம். தொழுகையும் ஓதலும் அங்கே பெண்களாலேயே நடைபெறும். சிறை எனும் சொல் இங்கே முழுவதும் பொருந்தவில்லை.

இதனினும் முக்கியமானது வீட்டுரிமை. திருமணத்தின்போது மகளுக்கு வீடு அளிக்கப்படுகிறது. மருமகனே பெண்வீட்டிற்கு வருகிறான். இலங்கையின் காத்தான்குடி முஸ்லிம்களிடத்தும் இவ்வழக்கம் உண்டு. ஷரீஅத்தின் வாரிசுச் சட்டம் மகளுக்கு மகனின் பங்கிற் பாதியையே தருவதால், இதனை வேதநூலிலிருந்து விளக்க இயலாது. ஆண்கள் மாதக்கணக்கில் கடல்கடந்து சென்ற குடும்பங்களில் தாயும் மக்களும் அடுத்தடுத்து வாழ்ந்ததன் பயனாகவே வீட்டுரிமையும் முடுக்கும் ஒருங்கே வளர்ந்தன எனக் கருத இடமுண்டு. தெருவைப் பெண்ணுக்கு மறுத்த அதே ஊர் வீட்டை அவளுக்கே உரியதாக்கிற்று. இது ஒன்றுக்கொன்று ஈடாகுமா என்பது அவ்வூர்ப் பெண்களே சொல்லவேண்டியது.

நம் ஆலயங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாளையங்கோட்டையில் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட முதல் ஆலயத்தைக் கட்டியவர் குளோரிந்தா என்னும் பெண்மணி. மக்கள் அதனைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே அழைத்தனர். அவ்வாறு தொடங்கிய திருச்சபையின் கிராம ஆலயங்களில் ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமும் அமர்வதே வழக்கமாயிற்று. 1 கொரிந்தியர் 14:34 பேசாதிருத்தலைச் சொல்கிறதேயன்றி எப்புறம் அமர்வதென்பதைச் சொல்லவில்லை. தாமிரபரணிக் கரையின் ஊர்வழக்கத்தை நாமும் பவுலின் பெயரால் காத்துவந்தோம். தென்னிந்தியத் திருச்சபை 1976இல் முதன்முதலாகப் பெண்ணொருவருக்குக் குருப்பட்டம் அளித்தபோது எழுந்த தயக்கங்களில் எத்தனை வேதத்தினின்று வந்தவை, எத்தனை ஊரினின்று வந்தவை என்பதை யாரும் பிரித்துக் கணக்கிட்டதில்லை.

முஸ்லிம்களிடையே அக்கணக்கு இப்பொழுது நடைபெறுகிறது. 2004இல் தொடங்கிய தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் தன் பள்ளிவாசல்களில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிற்று. அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் மதீனாவின் அதே பின்வரிசைதான்.