பட்டியலில் இல்லாத திராட்சை

இன்றைய இலக்கியப் பேச்சிலே உங்கள் முன் ஒரு மதுக் கிண்ணத்தை வைக்கப் போகின்றேன். இதென்ன கூத்து என்று முகம் சுளிக்க வேண்டாம். யவனர் கொண்டு வந்த தேறலை அருந்திப் பாண்டியன் நன்மாறன் இனிது வாழவேண்டும் என்று நக்கீரனாரே புறநானூற்றில் வாழ்த்தியிருக்கின்றார். அந்தத் துணிவிலேதான் நானும் புறப்படுகின்றேன்.

இத்தாலியின் வடகிழக்கு மூலையிலே, அல்ப்ஸ் மலைக்கும் ஏட்ரியாட்டிக் கடலுக்கும் இடையில், பிரியூலி என்றொரு பிரதேசம் இருக்கின்றது. அதன் பழைய தலைநகர் ஊடினே. அங்கே தெருவுக்குத் தெரு ‘ஒஸ்தெரியா’ என்னும் சிறிய மதுச்சாலைகள் உண்டு. எங்கள் ஊர்த் தேநீர்க் கடை போன்றவை அவை. வேலை முடிந்து வருபவர் நின்ற நிலையிலே ஒரு சிறு கிண்ணம் வைன் குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அந்தச் சிறு கிண்ணத்துக்கு பிரியூலி மொழியில் ‘தயூத்’ என்று பெயர். இத்தாலிய வைன் என்றதும் கியாந்தி, பரோலோ என்று இரண்டு மூன்று பெயர்களை மட்டும் அறிந்த வெளியூர்க்காரர், அங்கே எழுதிப் போட்டிருக்கும் பட்டியலில் வாயில் நுழையாத ஒரு பெயரைக் காண்பார்: ஸ்கியோப்பெட்டீனோ. சிவப்பு வைன். கேட்டு வாங்கி ஒரு மிடறு குடித்தால் நாவற்பழம் போன்ற ஒரு கனிச்சுவை, அதன் பின்னால் அப்போதுதான் இடித்த மிளகின் வாசனை.

மிளகைப் பற்றிப் பிறகு சொல்கின்றேன். முதலில் பெயரைப் பார்ப்போம். இத்தாலிய மொழியிலே இந்தப் பெயருக்கு ‘படபடவென்று வெடிப்பது’ என்று பொருள் கொள்ளலாம். தடித்த தோலுடைய பழம் வாயிலே வெடிப்பதால் வந்தது என்பர் சிலர். போத்தலுக்குள் மறுபடி நொதித்துப் பொங்கியதால் வந்தது என்பர் வேறு சிலர். எல்லைக்கு அப்பால் ஸ்லோவீனிய மொழி பேசுவோர் இதனை ‘பொகால்சா’ என்கின்றனர். அதுவும் வெடிப்பு என்ற சொல்லடியிலிருந்தே பிறந்தது. இரண்டு மொழிக்காரர் ஒரு பழத்தைக் கடித்து ஒரே ஓசையைக் கேட்டிருக்கின்றார்கள்.

இந்தத் திராட்சையின் (எங்களூரில் முந்திரிகை என்போமே, அதுதான்) சொந்த ஊர் பிரெப்போட்டோ. யூத்ரியோ என்ற சிற்றாற்றின் கரையில், குன்றுகளுக்கு நடுவே இருக்கும் சின்னஞ்சிறு கிராமம். 1866 முதல் முதலாம் உலகப் போர் வரையில் இந்த ஆறுதான் இத்தாலிக்கும் ஒஸ்திரியப் பேரரசுக்கும் எல்லை. ஆற்றைக் கடந்தால் வேறு மன்னன், வேறு நாணயம். 1282ஆம் ஆண்டிலேயே இவ்வூரின் திருமணம் ஒன்றில் இந்த வைன் பரிமாறப்பட்டதாக அவ்வூரார் பெருமையோடு சொல்வர். அது எவ்வாறாயினும் இங்கே இந்தக் கொடி நெடுங்காலமாக வளர்ந்து வந்தது என்பதில் ஐயமில்லை.

அப்படிப்பட்ட கொடி எப்படி அழியும் நிலைக்கு வந்தது? முதலில் பூச்சி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பைலொக்செரா என்ற நுண்ணிய பூச்சி ஐரோப்பாவெங்கும் திராட்சை வேர்களை அரித்துக் கொன்றது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டிலே ஒட்டுக்கட்டி மீண்டும் தோட்டம் வைக்க நேர்ந்தபோது, கமக்காரர் எதை ஒட்டுவது என்று யோசித்தனர். பிரான்சிலிருந்து வந்த மெர்லோ, கபர்னே ஆகியன சிரமமின்றி விளைந்தன, சந்தையிலும் பெயர் பெற்றிருந்தன. தாமதமாகப் பழுக்கும் உள்ளூர்க் கொடியை யார் நாடுவார்? அடுத்தது போர். 1917இல் கபொரெட்டோவில் இத்தாலியப் படை உடைந்து ஓடியபோது பிரியூலி முழுவதும் எதிரியின் கையில் விழுந்தது. இரண்டாம் உலகப் போரின் பின் யூகொஸ்லாவிய எல்லை பக்கத்தில் வந்து நின்றது. பிழைப்புத் தேடி இளைஞர்கள் ஊரை விட்டுப் போனார்கள். 1970 அளவில் பிரெப்போட்டோவிலே எஞ்சியிருந்த கொடிகள் நூறுகூட இல்லை என்று சொல்லப்படுகின்றது.

கடைசியாக வந்தது சட்டம். ஐரோப்பியப் பொருளாதார சமூகம் 1970இல் திராட்சை வகைகளை ஒழுங்குபடுத்தியது. சிபார்சு செய்யப்பட்டவை, அனுமதிக்கப்பட்டவை, தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவை என மூன்று வகுப்புகள். பட்டியலில் உள்ளதை மட்டுமே புதிதாக நடலாம். ஸ்கியோப்பெட்டீனோவின் பெயர் எந்த வகுப்பிலும் இல்லை. இதிலே சதி எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மலிந்து கிடந்த வைனைக் கட்டுப்படுத்தவும் தரத்தைக் காக்கவும் எவரோ ஓர் அதிகாரி மேசையிலிருந்து எழுதிய பட்டியல் அது. நூறு கொடிகூட இல்லாத ஒன்றை அவர் அறிந்திருக்கவே மாட்டார். எனினும் எழுதாமல் விட்டதன் விளைவு தடைக்குச் சமமாயிற்று. பாட்டனார் வளர்த்த கொடியிலிருந்து பேரன் ஒரு தண்டு வெட்டி நட்டால் அவன் சட்டத்தை மீறியவன்!

அப்படி மீறத் துணிந்தவர்கள் பாவோலோ ரப்புட்சி, தீனா ரப்புட்சி என்னும் தம்பதியர். 1970இல் பிரெப்போட்டோவைச் சேர்ந்த சியால்லா என்ற பள்ளத்தாக்கிலே கைவிடப்பட்ட ஒரு தோட்டத்தை வாங்கினர். அவ்விடத்துக்கு உரியதை மட்டுமே நடுவது என்பது அவர்களின் பிடிவாதம். வீடு வீடாகக் கேட்டு, வேலியோரத்திலும் பழந்தோட்டங்களின் மூலையிலும் நின்ற கொடிகளைத் தேடி, தண்டு வெட்டி, ஒட்டுக்கட்டி நட்டார்கள். சட்டத்தின் கண்ணில் அது இல்லாத பயிர்.

இவ்விடத்திலே கதைக்குள் இன்னொரு குடும்பம் வருகின்றது. பெர்கோட்டோ என்ற ஊரிலே ‘கிராப்பா’ வடிக்கும் நொனீனோ குடும்பத்தினர். கிராப்பா என்பது வைன் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து வடிக்கும் சாராயம், ஏழைகளின் குடி. எல்லாச் சக்கையையும் ஒன்றாகக் கொட்டி வடிப்பதே வழக்கம். பெனிட்டோவும் அவர் மனைவி ஜியானோலாவும் 1973இல் பிக்கொலிட் என்னும் ஒரே திராட்சையின் சக்கையைத் தனியாக வடித்துப் பார்த்து வெற்றி கண்டனர். அதன்பின் பழைய உள்ளூர் வகைகளைத் தேடினால், அவை சட்டப்படி இல்லாதவை என்று தெரிய வந்தது. 1975 நவம்பர் 29ஆம் திகதி அவர்கள் ஒரு பரிசை நிறுவினார்கள். ஸ்கியோப்பெட்டீனோ, பிஞோலோ, தாட்செலெங்கே முதலிய அழியும் கொடிகளைச் சிறப்பாக நட்டு வளர்ப்போருக்குப் பரிசு! (தாட்செலெங்கே என்றால் ‘நாக்கை அறுப்பது’ என்று பொருள். அத்தனை துவர்ப்பு.) சட்டம் அனுமதிக்காததைச் செய்பவருக்குப் பகிரங்கமாகப் பொற்பரிசு கொடுப்பது அதிகாரிகளுக்கு விடுத்த அறைகூவல் அல்லவா? முதற்பரிசு 1976இல் ரப்புட்சி தம்பதியருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு மே 6ஆம் திகதி இரவு பிரியூலியைப் பெரும் பூமியதிர்ச்சி உலுக்கி, ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் குடித்தது. ஊர்களையே திரும்பக் கட்ட வேண்டியிருந்த காலத்திலும் கொடிக்காக வாதாடுவதை அவர்கள் நிறுத்தவில்லை. சில ஆண்டுகளில் பட்டியல் திருத்தப்பட்டது. ஸ்கியோப்பெட்டீனோ சட்டத்துக்கு உட்பட்ட பயிராயிற்று.

அந்தப் பரிசின் பெயரை இலக்கிய நேயர்கள் கவனிக்க வேண்டும். ‘ரிசிட் தாவுர்’, பொன் இளங்கொடி. இது இத்தாலிய மொழி அன்று, பிரியூலி மொழி. 1942இல் பசோலினி தமது முதற் கவிதை நூலை இந்த மொழியில்தான் வெளியிட்டார். பாடசாலையில் இடமில்லாத, அரச ஏட்டில் பதிவில்லாத மொழி. இத்தாலிய அரசு அதனைச் சிறுபான்மை மொழியாகச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது 1999இல். ஆக, 1975இலே பட்டியலில் இல்லாத கொடிக்குப் பட்டியலில் இல்லாத மொழியில் ஒரு பரிசு! நொனீனோ குடும்பத்தினர் இதனை எண்ணித்தான் பெயர் வைத்தார்களோ அல்லது வீட்டிலே பேசும் சொல் இயல்பாக வந்து விழுந்ததோ, எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கின்றது.

1977இல் இந்தப் பரிசோடு ஓர் இலக்கியப் பரிசும் சேர்ந்தது. கிராமத்து வாழ்வை எழுதுவோருக்கென்று தொடங்கியது, பின்னர் சர்வதேசப் பரிசாக வளர்ந்தது. வி. எஸ். நைபோல் இதனை 1993இல் பெற்றார். நோபல் கிடைத்தது 2001இல். சுவீடன் கவிஞர் திரான்ஸ்திரோமருக்கு இது 2004இலும் நோபல் 2011இலும் கிடைத்தன. சீன நாவலாசிரியர் மோ யானுக்கு 2005இலும் 2012இலும். ஸ்டொக்ஹோம் அறிஞர்களுக்கு முன்னரே சாராயம் வடிப்போர் இவர்களை இனங்கண்டுவிட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

மிளகு வாசனையைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். ஷிராஸ் என்ற திராட்சையின் வைனிலே வரும் மிளகு வாசனைக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற ஒரு பொருள் என்று 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கறுப்பு மிளகிலே இருப்பதும் அதுவே. பின்னர் இத்தாலிய ஆய்வாளர்கள் பல வைன்களை அளந்து பார்த்தபோது, அது மிகுதியாக இருந்த சிலவற்றுள் ஸ்கியோப்பெட்டீனோவும் ஒன்று. யவனர் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகை ஏற்றிச் சென்றதைச் சங்கப் பாடல் சொல்கின்றது. அவர்கள் நாட்டு மதுச்சாடிகள் அரிக்கமேட்டு மண்ணிலே தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. நாங்கள் கப்பலேற்றி அனுப்பிய அந்த வாசனை, ஊடினேயின் மதுச்சாலையில் ஒரு தயூத் கிண்ணத்திலே, மிளகு ஒன்றுகூடச் சேராமல் எழுந்து வருகின்றது.